மயிலண்ணையின் பெயருக்கு எதிரே நான் எழுதிய காரணம்

பந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. மயிலண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. பந்து இன்னும் வரவேண்டியிருப்பதுபோல மட்டையை நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டு கணம் நின்றார். எதிரணியினர் கத்திய பிறகுதான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஓட்டப் புத்தகத்தில் அவருடைய பெயருக்கு எதிரே பூச்சியம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் அது தோன்றியது: இவரை அணியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அந்த எண்ணம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வதில் பயனில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் அது.

தம்பிமாரே, நீங்கள் மூன்று பேரும் இந்த மாதம்தான் நீர்ப்பாசனக் கந்தோரில் சேர்ந்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் நான் மன்னாருக்குப் போகிறேன். கிரிக்கெட் அணியின் காரியதரிசி வேலை உங்களில் ஒருவருடைய தலையில்தான் விழும். மைதானம் கந்தோர் வளவில் இருப்பதால் இஞ்சினியர் ஐயா கழகத்தின் தலைவர், கிளாக்கர்களில் ஒருவன் காரியதரிசி என்பது எனக்கு முன்பிருந்தே நடந்துவரும் வழக்கம். இப்படி ஒரு கடிதத்தை ஓய்வுபெற்றுக் கதிரையில் சாய்ந்திருப்பவர்கள்தான் எழுதுவார்கள் என்று தெரியும். எனக்கு இருபத்தெட்டுத்தான். ஆனால் இன்னும் முப்பது வருடம் கழித்து எழுதினால் ஞாபகம் எனக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மயில்வாகனம் அண்ணைக்கு அந்த வருடம் நாற்பத்தெட்டு வயது. குளக்கட்டில் வேலையோடு கிடைத்த விடுதியில் குடியிருந்தார். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுகளைத் திறந்து பூட்டுவதும், தண்ணீருக்குள் நிற்கும் அளவுக்கம்பத்தைக் காலையும் மாலையும் பார்த்து நீர்மட்டத்தைப் புத்தகத்தில் பதிவதும் அவருடைய வேலை. எத்தனை துருசு எவ்வளவு திறப்பது என்று இஞ்சினியர் ஐயா முடிவெடுப்பது அந்த இலக்கங்களை வைத்துத்தான். கட்டுக்குக் கீழே குடியேற்றத் திட்டத்து வீடுகள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் அணியின் முதல் துடுப்பாட்டக்காரர். எங்களிடம் இருப்பது கிரவல் தரையில் ஆணி அடித்து விரிக்கும் தும்புப் பாய் என்பது உங்களுக்குத் தெரியும். நனைத்த தரையில் பாயை விரித்த முதல் நாலைந்து ஓவர்களுக்குப் பந்து எங்கே எழும்பும் என்று சொல்லமுடியாது. அதை நெஞ்சிலும் தோளிலும் வாங்கிக்கொண்டு நிற்பதுதான் மயிலண்ணையின் ஆட்டம். பின்னால் வருகிறவர்கள் காய்ந்த பாயில் சுகமாக அடிப்பார்கள். அந்தப் பருவத்தில் அவரால் அப்படி நிற்க முடியவில்லை.

புதன்கிழமை தெரிவுக்குழு கூடியது. குழு என்றால் மூன்று பேர். கப்டன் ஹனிபா நானா, விக்கெட் காப்பாளர் தம்பிராசா, நான். கூடுகிற இடம் ஹனிபா நானாவின் புடவைக்கடை. அவர் சீத்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் துணியின் மேலேயே ஓட்டப் புத்தகத்தை விரித்து வைத்தேன்.

"இந்தப் பருவத்திலை ரெண்டே ரெண்டு தரம்தான் பத்தைத் தாண்டியிருக்கிறார், நானா. பாருங்கோ."

"புத்தகத்தை எடு தம்பி, துணியிலை மை படப்போகுது. முதல் நாலு ஓவருக்கு ஆர் நிக்கிறது? நீயோ? அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு எத்தினை வருசம் நிண்ட மனிசன்!"

"நிண்டவர்தான். இப்ப நிக்கேல்லையே."

"ஒரு பருவம் கை வராமப் போறது எல்லாருக்கும் உள்ளதுதான். இருந்தாப்போலை திரும்பி வரும்."

குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற தம்பிராசா அதுவரைக்கும் பீடியைப் பற்றவைக்க விடாத நானாவை முறைத்துக்கொண்டு இருந்தவன். "நானா, நான் பின்னாலை குந்தியிருந்து பாக்கிறவன். பயிற்சியிலை பந்து என்ரை கையுறைக்குள்ளை வந்து குடியிருந்தாப் பிறகுதான் மயிலண்ணையின்ரை மட்டை வருது. போன கிழமை 'நல்ல பந்து' எண்டு பாராட்டினார். அது நான் திருப்பி எறிஞ்ச பந்து."

நானா சிரித்தார். பாதியில் நிறுத்தினார். துணியை மடித்த கை அப்படியே நின்றது.

"அப்ப உது கை இல்லை. கண்."

மடித்த துணியை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"பழையபடி அம்பயரா நிக்கச் சொல்லுவமே?" என்று கேட்டுவிட்டு நானாவே தலையை ஆட்டினார்.

இந்த வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு முந்திய காலத்தில் இங்கே ஒருவரையும் நீக்குவதில்லை. "இந்த ஞாயிறு அம்பயரா நில்லுங்கோவன்" என்று கப்டன் கேட்பார். கேட்கப்பட்டவருக்கு விளங்கிவிடும். "ஓம், முழங்காலும் நோகுது" என்று அவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லுவார். எனக்கு இது பொய்யாகவும் கோழைத்தனமாகவும் பட்டது. காரியதரிசியானதும் நான் கொண்டுவந்த முதல் சீர்திருத்தம் காரணப் பட்டியல். சேர்த்தவர், நீக்கியவர் எல்லாருடைய பெயருக்கும் எதிரே காரணத்தை எழுதி, காபன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்து, முதலாவதைத் தலைவருக்கும் இரண்டாவதைக் கப்டனுக்கும் அனுப்பி, மூன்றாவதைக் கந்தோர் விறாந்தையில் ஒட்டுவேன். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

"கண் தெரியாத ஆளை அம்பயராக்கினா ஞாயிறு விளையாட வாற வவுனியாக்காரர் எங்களைச் சும்மா விடுவாங்களோ?" என்றான் தம்பிராசா.

"சரி, நான் அவரோடை கதைக்கிறன்" என்றார் நானா. "நாளைக்குத் தண்ணீரூற்றுக்குப் போறன், மருமகளின்ரை நிக்காஹ். சனிக்கிழமை வந்திடுவன். அதுவரைக்கும் நீ ஒண்டும் எழுதாதை."

"வெள்ளி மத்தியானம் பட்டியல் போகவேணும், நானா."

"பத்துப் பேரை எழுதி ஒண்டை வெறுமையா விடு. ஐயா ஏனெண்டு கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பத்துப் பெயரை எழுதினேன். பதினோராவது கோடு வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடக்கும். கையில் பென்சில் இருக்கும், உண்மை தெரிந்திருக்கும், நேரமாகிக்கொண்டிருக்கும், பொறுப்பானவர் பக்கத்தில் இருக்கமாட்டார். உண்மையைத் தெரிந்துகொண்டதனாலேயே அதை எழுதும் உரிமையும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பத்தாம் வாய்க்கால் பக்கத்து இளைஞன் ஒருவனுடைய பெயரை அந்தக் கோட்டில் எழுதினேன். அதற்குக் கீழே எழுதினேன்: "நீக்கம் – மயில்வாகனம். காரணம் – பார்வைக் குறைவு. பந்தைக் காண முடியவில்லை."

தலைவருடைய பிரதியை அவருடைய மேசைத் தட்டில் வைத்தேன். மூன்றாவது பிரதியை விறாந்தையில் ஒட்டினேன்.

மயிலண்ணை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நீர்மட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவார். அன்றைக்கும் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு விறாந்தையில் ஏறினார். பட்டியல் ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் போய் நின்றார். மூக்குத் தாளில் முட்டுமளவுக்குக் கிட்ட நின்றார். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் நின்றார்.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும். காபன் மங்கலாக் கிடக்கு. வாசியும் பாப்பம்."

நான் போனேன். பத்துப் பெயரையும் வாசித்தேன். பதினோராவதையும் வாசித்தேன். அதோடு நிறுத்தினேன்.

"கீழையும் ஏதோ இருக்கு."

"அது... நீக்கம், அண்ணை."

"வடிவா வாசியும். எழுதின நீர்தானே."

வாசித்தேன். கந்தோருக்குள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தியது எனக்குக் கேட்டது. ஒரு மனிதருக்குக் கண் தெரியாது என்பதை, அவரால் பார்க்க முடியாத எழுத்திலிருந்து, அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. "மற்றப் பிரதி எங்கை?" என்றார்.

"ஐயாவின்ரை மேசையிலை."

நீர்மட்டப் புத்தகத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆட்டம் சரியில்லை எண்டு எழுதியிருக்கலாமே, தம்பி. அது ஞாயிற்றுக்கிழமையோடை முடிஞ்சிருக்கும்."

புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதியது ஒரு துடுப்பாட்டக்காரரைப் பற்றி அல்ல. அளவுக்கம்பத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவருக்குப் பார்வை இல்லை என்று, அவருடைய மேலதிகாரிக்கு, என் கையெழுத்தில் அறிவித்திருந்தேன்.

ஐயாவின் அறைக்குப் போனேன். பூவரசங்குளத்தில் ஒரு வாய்க்காலைப் பார்ப்பதற்காக அவர் புறப்பட்டுப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். தட்டில் பட்டியல் கிடந்தது. அதன்மேல் கண்ணாடிப் பாரம். எடுத்துக் கிழித்துவிட்டு வேறொன்றை எழுதி வைத்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. பாரத்தில் கையை வைத்தேன். மற்றக் கையில் நீர்மட்டப் புத்தகம் இருந்தது. எடுக்காமல் நின்றேன். பலகையில் மூக்கை முட்டியும் வாசிக்க முடியாத மனிதர் இந்தப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் இலக்கங்கள் எங்கேயிருந்து வருகின்றன? மாரி மழைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

தாளை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நான் குளக்கட்டில் ஏறியபோது வெயில் இன்னும் இருந்தது. மயிலண்ணை தண்ணீருக்குள் நின்றார். இடுப்பளவு தண்ணீர். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு அளவுக்கம்பத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆர் அது கட்டிலை?"

"நான்தான் அண்ணை. கந்தோர்."

"இன்னும் ஏதும் வாசிக்க மிச்சம் இருக்கோ?"

நான் கல்லில் இறங்கினேன். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்" என்றார். போனேன். என் கையைப் பிடித்துக் கம்பத்தில் வைத்தார். வார்ப்பிரும்பு இலக்கங்கள் விரலில் தட்டுப்பட்டன. "கண்ணை மூடும். இது எத்தினை?" தடவிச் சொன்னேன். அந்த இலக்கத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் விரலால் அளக்கச் சொன்னார். அளந்து சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான். ஒரு அங்குலம் பிழைச்சதில்லை. உம்மடை புத்தகத்திலை பூச்சியம் இருக்கும், என்ரை புத்தகத்திலை பிழை இராது."

"மாரி தொடங்கினா, அண்ணை?"

அவர் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். கரைக்கு வந்து சாரத்தைப் பிழிந்தார்.

"போன மாரிக்கு இடக்கண் கொஞ்சம் உதவிச்சுது. இந்த முறை அதுவும் இல்லை. தண்ணி இழுக்கேக்கை ஆர் உதுக்குள்ளை இறங்கிறது? எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறீர்? மழைக்கு முன்னம் ஐயாவிட்டைப் போவம் எண்டுதான் இருந்தனான். ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை எண்டு விட்டிட்டன்."

"பின்னை ஏன் அண்ணை வந்து விளையாடினனீங்கள்? உங்களுக்குப் பந்து தெரியேல்லையெண்டா..."

"ஞாயிற்றுக்கிழமை மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா ஊர் என்ன நினைக்கும்? மயிலுக்குக் கண் தெரியுது, கைதான் வரேல்லை எண்டு நினைக்கும். அவுட்டாகிறது எனக்குப் பெரிசில்லை, தம்பி. பட்டியலிலை பேர் இருக்கவேணும்."

தம்பிமாரே, மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் நாங்கள் பேராசை என்கிறோம், பிடிவாதம் என்கிறோம். அந்த இடத்தின் மேல் அவர் வேறு எதைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று ஓட்டப் புத்தகத்தில் எழுதியிருக்காது.

"திங்கட்கிழமை காலமை நான் வாறன்" என்றார். "ஐயா தாளைப் பாக்க முன்னம் என்ரை வாயாலை சொல்லோணும். அவ்வளவுதான் நான் உம்மட்டைக் கேக்கிறது."

சனிக்கிழமை பஸ்ஸால் வந்து இறங்கிய ஹனிபா நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கப்டனுக்குரிய பிரதியை வாங்கி ஒரு முறை பார்த்தார். "உன்ரை எழுத்து வடிவு தம்பி" என்று மட்டும் சொன்னார். அதைவிட அவர் எனக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போவதற்கு முன்பே மயிலண்ணை மைதானத்தில் நின்றார். வழக்கம்போலத் தும்புப் பாயை விரித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு ஆணியையும் இடது கையால் தடவிப் பார்த்துத்தான் அடித்தார் என்பதை அத்தனை ஞாயிறும் பார்த்த நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நானாவைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார். "என்ன கப்டன், என்னை அம்பயரா நிக்கச் சொல்லமாட்டீரோ?"

"நீங்கள் நிண்டா எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அவுட்டாகாயினம், அண்ணை. அவங்கள் அழுவாங்கள்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானா சிரித்துக்கொண்டே மற்றப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தார்.

அன்றைக்கு மயிலண்ணை ஓட்டப் புத்தக மேசையில் என் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் "எங்கை போனது?" என்று கேட்டார். நான் சொன்னேன். சில வேளை நான் சொல்ல முன்னமே, "உது விளிம்பிலை பட்டது, சத்தம் வேறை" என்பார். அவருடைய இடத்தில் இறங்கிய இளைஞன் முதல் ஓவர்களைத் தாங்கி நின்றான். நாங்கள் வென்றோம். மயிலண்ணை இடம் விட்டதால்தான் வென்றோம், அதில் சந்தேகமில்லை. அந்த வெற்றியை எழுதும்போது, புதன்கிழமை கடையில் புத்தகத்தை விரித்தவனின் கைதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மயிலண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் உள்ளே போனேன்.

"ஐயா, வெள்ளிக்கிழமை வைச்ச பட்டியலிலை நான் ஒரு காரணம் எழுதிப்போட்டன். அது நான் எழுதக்கூடிய காரணமில்லை. மயில்வாகனம் அண்ணை வெளியிலை நிக்கிறார். நீங்கள் அதை வாசிக்க முன்னம்..."

"வாசிச்சாச்சு" என்றார் ஐயா. "வெள்ளிக்கிழமை வெளிக்கிட முன்னமே வாசிச்சிட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிப் பாரத்தைத் தூக்கினார், தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார், பாரத்தை அதன்மேல் வைத்தார்.

"அவரை வரச்சொல்லும். நீர் போய் உம்முடைய வேலையைப் பாரும்."

மயிலண்ணை அரை மணித்தியாலம் உள்ளே இருந்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிழமையே அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கண்ணில் புரை. ஒரு கண்ணுக்கு ஓரளவு வெளிச்சம் திரும்பியது, மற்றது திரும்பவில்லை. துருசுகளின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. குளக்கட்டு விடுதியை விட்டார். மாரி அந்த வருடம் பலமாக வந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்த நாட்களில் புதியவர் கட்டில் நின்றபடியே கம்பத்தைப் பார்த்து இலக்கம் சொன்னார். அந்தத் தண்ணீரில் ஒருவரும் இறங்கியிருக்க முடியாது.

ஆகவே, அவர் போகவேண்டியிருந்தது. இரண்டு இடத்திலிருந்தும். அதை நான் மறுக்கவில்லை. அதை முதலில் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, நான் அதைப் பறித்தேன். ஐயா வாசிக்காதவர்போல ஒரு தாளைக் கவிழ்த்து வைத்து அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

மயிலண்ணை இப்போது எங்கள் கந்தோர் ஸ்டோரில் இருக்கிறார். ஆணி வாங்கப் போனால் விரலால் தடவி அளவு சொல்லித் தருகிறவர் அவர்தான். ஐயா முன்னமே வாசித்துவிட்டார் என்பதை இந்த ஆறு வருடமும் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மாற்றல் கடிதம் வந்த பிறகு, நேற்று ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன்.

"தெரியும், தம்பி" என்றார். "கதவடியிலைதானே நிண்டனான். தாளைக் கவிட்டு வைச்ச சத்தம் கேட்டது."

பிறகு, நான் கேட்ட அங்குல ஆணிகளைத் தாளில் சுற்றித் தந்தார்.

இதை எழுதும்போது என் மேசையில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான பட்டியல் இருக்கிறது. நான் எழுதும் கடைசிப் பட்டியல். பத்துப் பெயர் எழுதியாயிற்று. பதினோராவது கோடு வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்துக்குரியவர் ஹனிபா நானா. ஐம்பதைத் தாண்டிவிட்டார். இந்தப் பருவம் முழுக்க அவருடைய மட்டையிலிருந்து ஓட்டம் வரவில்லை. தம்பிராசா இப்போதே முணுமுணுக்கிறான். நீங்களும் நேற்று விறாந்தையில் கதைத்தது எனக்குக் கேட்டது. அவரை வைத்திருப்பதா, எடுப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. காரணப் பட்டியலை நிறுத்தி ஆறு வருடமாகிறது, அதனால் எழுதித் தப்பவும் வழியில்லை.

நாளைப் பின்னேரம் கடை பூட்ட முன்னம் போகப்போகிறேன். ஓட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகமாட்டேன். அவர் துணி மடித்து முடியும்வரைக்கும் இருந்து, ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன்: "நானா, பந்து உங்களுக்கு எப்பிடித் தெரியுது?" அதன் பிறகு அவர் சொல்லட்டும்.